சிட்டை உண்டு, ஐந்தொகை இல்லை: தாமஸ் ஜெஃபர்ஸனின் மதுக் கணக்கு

அரிய விஸ்கிப் புட்டிகளைச் சேகரிப்பவர்களிடம் ஒரு பொதுக் குணத்தைக் காணலாம். எந்தப் புட்டியை எந்த ஆண்டு, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இதுவரை மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். 2023 நவம்பரில் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 1926-ஆம் ஆண்டின் மக்காலன் விஸ்கி ஒரே ஒரு புட்டி 21 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அந்த உயரத்தில் உலவுகிறவர்களுக்குத்தான் இந்தக் குணம் உரியது என்றில்லை. புத்தகம் சேகரிப்பவர்களும் இதே சாதியினர்தாம். இதை வாசிப்பவர்களில் சிலராவது இந்த இடத்தில் தம் அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளக்கூடும்.

வரலாற்றில் இந்தக் குணத்தின் ஆகச்சிறந்த எடுத்துக்காட்டாக எனக்குத் தோன்றுபவர் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்ஸன் (1743 - 1826). அவர் சேகரித்தது விஸ்கியை அல்ல, ஒயினை, ஒயினோடு புத்தகங்களையும். ஆனால் செலவைக் குறித்துவைப்பதில் அவருக்கு இணையான மதுப்பிரியர் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே. 1767 முதல் இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், கையிலிருந்து போன ஒவ்வொரு காசையும் எழுதிவைத்தவர் அவர்.

அமெரிக்கா தன் விடுதலைப் பிரகடனத்தை ஏற்ற 1776 ஜூலை 4 அன்று அந்தப் பிரகடனத்தை எழுதிய கை தன் குறிப்பேட்டில் எழுதியவை இவை: வெப்பமானி ஒன்று, 3 பவுண்டு 15 ஷில்லிங், பெண்களுக்கான கையுறை ஏழு ஜோடி, 27 ஷில்லிங், தருமம், 1 ஷில்லிங் 6 பென்ஸ். நாடு பிறந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டைப் பையில் தந்தத்தாலான மெல்லிய ஏடுகளை வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்துக்கொள்வதும், பிறகு அதைப் பெரிய ஏட்டில் பெயர்த்தெழுதிவிட்டுத் தந்த ஏட்டை அழித்துவிடுவதும் அவர் வழக்கம். ஜேம்ஸ் பேர், லூசியா ஸ்டான்டன் இருவரும் பதிப்பித்து 1997-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் இரு தொகுதிகளாக வெளியிட்ட இக்குறிப்பேடுகள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகின்றன. நம்முடைய ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை ருசித்தவர்களுக்கு இதுவும் ருசிக்கும். ஒரு வேறுபாடு: பிள்ளை ஊர்வம்பும் எழுதினார், ஜெஃபர்ஸன் தொகையை மட்டும் எழுதினார்.

இத்தனை எழுதியவர் இறந்தபோது இருந்த கடன் சுமார் 1,07,000 டாலர்.

நம் ஊர் வணிகக் குடும்பங்களில் கணக்கு எழுதியவர்களுக்கு இதில் புதிர் எதுவும் தெரியாது. அன்றாடம் நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதை ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்துப் போடுவது பேரேடு. பேரேட்டிலிருந்து பற்றையும் வரவையும் திரட்டி, நாம் நிற்கும் இடம் மேடா பள்ளமா என்று காட்டுவது ஐந்தொகை. சிட்டை எழுதுவதற்கு ஒழுக்கம் போதும். ஐந்தொகை போடத் துணிச்சல் வேண்டும். ஜெஃபர்ஸனிடம் பேரேடும் இருந்தது, பண்ணைக் கணக்கும் தனியாக இருந்தது. ஆனால் தன் மொத்தக் கடனையும் மொத்த வருவாயையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இல்லை. அன்றாடம் எழுதும் சடங்கே தன் பணவிவகாரம் ஒழுங்காக இருக்கிறது என்ற பொய்யான நிம்மதியை அவருக்குத் தந்துவந்தது என்பது பதிப்பாசிரியர்களின் கணிப்பு. அறுபது ஆண்டுக் குறிப்பை வரிவரியாகப் படித்தவர்கள் சொல்வது. மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மதுப் பித்து முற்றியது பிரான்ஸில். 1784 முதல் 1789 வரை அவர் அங்கே அமெரிக்கத் தூதர். 1787-இல் உடைந்த மணிக்கட்டுக்கு வெந்நீர் ஊற்றில் மருத்துவம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தெற்கு பிரான்ஸும் வட இத்தாலியும் சுற்றினார். வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். பர்கண்டியில் வோல்னே ஊர் உழவர்கள் கோதுமை ரொட்டி தின்பதையும், பக்கத்து ஊரான மெர்ஸோவில் கம்பு போன்ற மட்டமான தானியமாகிய ரை ரொட்டி தின்பதையும் கவனித்துக் காரணம் கேட்டிருக்கிறார். இங்கே விளைவது வெள்ளை ஒயின். அது அடிக்கடி தரம் கெட்டு விற்காமல் தங்கிவிடுகிறது, சிவப்பு ஒயின் அப்படியல்ல என்று பதில் வந்தது. ரொட்டியின் நிறத்திலிருந்து ஒரு சந்தையின் நிலவரத்தைப் படித்துவிடும் கண் அது. போர்தோவில் மார்கோ, லாத்தூர், ஓ-பிரியோன், லாஃபீத் என்னும் நான்கு தோட்டங்களை முதல் தரமாகக் குறித்துக்கொண்டார். 1855-இல் பிரான்ஸ் அதிகாரபூர்வமாக வெளியிட்ட தரவரிசையில் முதலிடம் பெற்றவையும் அதே நான்குதான்.

ஊர் திரும்பிய பின்னும் அந்தச் சுவை விடவில்லை. 1790-இல் வெளியுறவுச் செயலராக இருந்தபோது, ஜனாதிபதி வாஷிங்டனுக்கும் தனக்குமாகச் சேர்த்து போர்தோவுக்கு ஓர் ஆணை அனுப்பினார். இடைத்தரகர்கள் கலப்படம் செய்வார்கள் என்பதால் தோட்ட உரிமையாளர்களே நேரடியாகப் புட்டியில் அடைத்து அனுப்ப வேண்டும். வாஷிங்டனுடைய பெட்டிகளில் ஜி.டபிள்யூ. என்றும், தன்னுடையவற்றில் டி.ஐ. என்றும் குறியிட வேண்டும் என்பது ஏற்பாடு. லத்தீன் வழக்கப்படி ஜே-க்குப் பதில் ஐ.

இந்த எழுத்துகள் பிற்காலத்தில் ஒரு வழக்கில் பேசவேண்டி வந்தது. கதையின் காலவரிசையைச் சற்றே மீறி அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787-ஆம் ஆண்டின் லாஃபீத் ஒரு புட்டி, ஜெஃபர்ஸனின் பெயர்ச்சுருக்கம் கண்ணாடியில் செதுக்கப்பட்டது என்ற விளம்பரத்தோடு, 1,05,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியது அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஃபோர்ப்ஸின் குடும்பம். பாரிஸில் ஒரு பழைய வீட்டில் சுவரடைத்த நிலவறையில் கிடைத்தது என்றார் கொண்டுவந்த ஜெர்மானியர் ஹார்டி ரோடன்ஸ்டாக். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஜெஃபர்ஸனின் இல்லமான மாண்டிசெல்லோவில் அப்போது அவருடைய கணக்கேடுகளில் மூழ்கியிருந்தவர், மேலே சொன்ன பதிப்பாசிரியர் லூசியா ஸ்டான்டன். வாங்கிய ஒயின், அனுப்பச் சொன்ன ஒயின், வழியில் தொலைந்த ஒயின் எல்லாவற்றையும் எழுதிவைத்த மனிதரின் ஏட்டில் இந்தப் புட்டிகளுக்கு ஒரு தடயமும் இல்லை என்று அவர் அப்போதே தெரிவித்தார். பெயர்ச்சுருக்கத்தின் வடிவமும் ஒத்துவரவில்லை. ஜெஃபர்ஸன் தன் பெயரைச் சுருக்கும்போது முக்காற்புள்ளி இடுவார், கண்ணாடியில் இருந்ததோ முற்றுப்புள்ளி. சந்தை அதைக் காதில் வாங்கவில்லை.

பில் கோக் என்ற அமெரிக்கச் செல்வந்தர் 1988-இல் இதே வகையில் நான்கு புட்டிகளைச் சுமார் ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கினார். 2005-இல் அவருடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைக்க விரும்பிய பாஸ்டன் அருங்காட்சியகம் புட்டிகளின் பூர்வீகத்துக்குச் சான்று கேட்டது. சான்று இல்லை. கோக் முன்னாள் புலனாய்வு அதிகாரிகளை அமர்த்தினார். அந்தச் செதுக்கல் மின்கருவியால் செய்யப்பட்டது என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2006-இல் வழக்குத் தொடுத்தார். ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தார், ஆனால் நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்து வாதாட மறுத்துவிட்டார். 2010-இல் அவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு ஆயிற்று. 2018-இல் அவர் இறந்தார். போலிகளைத் துரத்துவதற்குக் கோக் செலவிட்டது புட்டிகளுக்குக் கொடுத்ததைப்போலப் பன்மடங்கு. அந்தச் செலவை ஒரு சேகரிப்பாளர் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, ஜெஃபர்ஸனின் சிட்டை இருநூறு ஆண்டு கழித்து அடுத்தவர் பணத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடியது. அவருடையதைக் காப்பாற்றவில்லை.

1801-இல் ஜனாதிபதியானார். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர். அன்றைக்கு அது பெருந்தொகை. ஆனால் மாளிகையின் சமையல், விருந்து, பணியாளர் கூலி அனைத்தும் அதிலிருந்துதான். விருந்து அவருக்கு வெறும் ஆடம்பரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர்களைச் சிறு குழுக்களாக அழைத்து, வட்ட மேசையில் அமர்த்தி, நல்ல ஒயினைக் கொடுத்துப் பேசவைப்பது அவருடைய அரசியல் முறை. வாஷிங்டனில் வாங்கிய ஒயினுக்கென்று குறிப்பேட்டில் தனிப் பட்டியலே தொடங்கினார். மதீரா பீப்பாய்கள், ஸ்பானியத் தூதர் யிருஹோவிடம் வாங்கியவை, பிரான்ஸிலிருந்து தருவித்த ஷாம்பேன், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, விலை, சுங்கம், வண்டிக்கூலி.

முதல் பதவிக்காலத்தில் எழுதிய ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இருப்பில் இருந்த ஷாம்பேன் 247 புட்டி, மீதம் 40, ஆகவே தீர்ந்தது 207. அந்தக் காலத்தில் விருந்துண்டவர்கள் 651 பேர். அப்படியானால் மூன்றே ஏழில் ஒரு பங்கு ஆளுக்கு ஒரு புட்டி. எனவே ஓர் ஆண்டுக்குத் தேவை 415 புட்டி. சரி, 500 என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கடைசித் தாவலைக் கவனியுங்கள். விருந்தினரை ஏழில் ஒரு பங்குவரை வகுத்தவர், முடிவில் 85 புட்டிகளை ஒரே மூச்சில் கூட்டிவிடுகிறார். இதற்கு விலை என்ன, அந்த விலை எங்கிருந்து வரும் என்ற வரி அந்தக் கணக்கில் இல்லை. எவ்வளவு குடிக்கப்படும் என்பதற்கு அத்தனை துல்லியம். எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒன்றுமில்லை.

முதல் ஆண்டு முடிவில் மட்டும் செலவை இனம்பிரித்துப் பார்த்திருக்கிறார். மொத்தம் 32,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் ஒயின் மட்டும் சுமார் 2,800. சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. எட்டாண்டுகளில் ஒயினுக்கு ஆனது 10,000 டாலருக்கு மேல். 1809-இல் பதவிக்காலம் முடியும் தறுவாயில் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, தான் நினைத்திருந்ததற்கும் மேலாக ஏறத்தாழ அந்த அளவு கடன் இருப்பதைக் கண்டு அதிர்ந்தார். ரிச்மண்டில் ஒரு சீமாட்டியிடம் 8,000 டாலர் கடன் வாங்கித்தான் தலைநகரைவிட்டுக் கிளம்ப முடிந்தது. கடன் பத்திரத்தில் பிணையாகக் கையெழுத்திட்டவர் அடுத்த ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசன்.

இரண்டு தொகைகளும் நெருங்கி நிற்பதைக் காட்டி, ஒயின்தான் அவரைக் கவிழ்த்தது என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமாகாது. கடனின் வேர் பழையது. 1773-இல் மாமனார் ஜான் வெய்ல்ஸ் இறந்தபோது 11,000 ஏக்கர் நிலமும் 135 அடிமைகளும் வந்தார்கள், கூடவே இங்கிலாந்தின் பிரிஸ்டல் வணிகர்களுக்குத் தரவேண்டிய கடனும் வந்தது. அதை அடைக்க நிலத்தை விற்றார். விடுதலைப் போரின்போது நாணயம் மதிப்பிழந்து, வந்த தொகை காகிதமாயிற்று. பிறகு மாண்டிசெல்லோவைக் கட்டுவதும் இடிப்பதும் திரும்பக் கட்டுவதுமாக நாற்பது ஆண்டுகள். ஒயின் இந்த ஆற்றில் ஒரு கிளை வாய்க்கால். ஆனால் மற்றவை விதியின்மேலும் போரின்மேலும் போடக்கூடியவை. இது ஒன்றுதான் முழுக்க அவர் கையில் இருந்தது, அதுவும் ஒவ்வொரு புட்டியும் எழுதப்பட்ட நிலையில்.

இங்கே விஸ்கிக்கும் ஓர் இடம் உண்டு. 1791-இல் விஸ்கிக்கு விதிக்கப்பட்ட வரி மேற்கு பென்சில்வேனியாவில் கலகத்தில் முடிந்தது. அந்த வரியை 1802-இல் நீக்கியது ஜெஃபர்ஸனின் அரசு. ஆனால் விஸ்கிமேல் அவருக்கு அன்பு கிடையாது. ஒயின் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் குடிவெறி இருப்பதில்லை, விஸ்கி என்னும் விஷத்துக்கு மாற்று மருந்து ஒயின்தான் என்று 1818-இல் ஒரு கடிதத்தில் வாதிட்டு, ஒயின்மீதான சுங்கத்தைக் குறைக்கச் சொன்னார். தன் விருப்பத்தைப் பொது நன்மையாக்கிக் காட்டும் திறமை எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் உண்டு. வாஷிங்டன் வழி வேறு. 1797-இல் தன் பண்ணை மேலாளரான ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன யோசனைப்படி மவுண்ட் வெர்னனில் வடிசாலை தொடங்கினார்; 1799-இல் அங்கே ஏறக்குறைய 11,000 காலன் விஸ்கி வடிக்கப்பட்டது. அவர் இளமையிலேயே கணக்கியல் நூல் வாங்கிப் படித்து இரட்டைப் பதிவு முறையில் பேரேடு வைத்தவர். ஒருவருக்கு மது பற்றுப் பக்கம், மற்றவருக்கு வரவுப் பக்கம். வடிசாலையில் வேலை செய்தவர்களும் அடிமைகள்தாம் என்பதால் இதை ஒரு நல்லொழுக்கக் கதையாக்கவும் முடியாது.

ஓய்வுக்காலம் முழுவதும் கடனைச் சுமந்தே கழிந்தது. 1815-இல் தன் நூலகத்தின் 6,487 நூல்களை 23,950 டாலருக்கு நாட்டின் காங்கிரஸுக்கு விற்றார். பணத்தின் பெரும்பகுதி கடன்காரர்களுக்குப் போனது. உடனே மறுபடியும் புத்தகம் வாங்கத் தொடங்கிவிட்டார் என்பதை இங்கே யாரும் பரிகசிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒயினில் ஓரளவு இறங்கிவந்தார். போர்தோவின் முதல்தரப் புட்டிகளுக்குப் பதிலாகத் தெற்கு பிரான்ஸின் லிமூ, ரூசியோன் போன்ற மலிவுச் சரக்கு. 1818-இல் நண்பரும் சம்பந்தியுமான வில்சன் கேரி நிக்கலஸுக்காக 20,000 டாலருக்குப் பிணை நின்றார். அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நிக்கலஸ் திவாலானார். அந்தக் கடனும் இவர் தலையில் விழுந்தது. 1825-இல் ஒரு நண்பரின் குழந்தைக்கு எழுதிய அறிவுரைகளுள் ஒன்று, கைக்கு வராத பணத்தை ஒருபோதும் செலவழிக்காதே என்பது.

1826 தொடக்கத்தில் சொத்தைக் குலுக்கல் சீட்டு நடத்தி விற்க வர்ஜீனியா சட்டமன்றத்திடம் அனுமதி வாங்கினார், திட்டம் தேறவில்லை. ஜூன் மாதத்தில் பாலாடைக்கட்டி வாங்கிய செலவோடு குறிப்பேடு நின்றுபோகிறது. ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், உயிர் பிரிந்தது.

ஐந்தொகையை அடுத்த ஜனவரியில் மற்றவர்கள் போட்டார்கள். 1827 ஜனவரி 15-இல் மாண்டிசெல்லோவில் ஏலம் தொடங்கியது: மேசை நாற்காலிகள், கால்நடை, தானியம், 130 மனிதர்கள். இம்மனிதர்கள் அவருடைய கணக்கில் எப்போதும் சொத்தாகவே இருந்தவர்கள். வர்ஜீனியப் பண்ணைகளின் வருவாயைப் பற்றி 1792-இல் வாஷிங்டனுக்கு எழுதிய மதிப்பீட்டில், அடிமைகளின் இனப்பெருக்கத்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டிருந்தார். கடன் கொடுத்தவர்களும் இந்தச் சொத்தை நம்பியே கொடுத்தார்கள். விருந்து மேசைக்குப் பின்னால் இருந்த உண்மையான ஈடு இதுதான்.

அப்படி விற்கப்பட்டவர்களில் ஒருவர் ஈடித் ஃபாஸெட். 1802-இல், பதினைந்து வயதில், ஜனாதிபதி மாளிகைக்குக் கொண்டுபோகப்பட்டு, பிரெஞ்சுச் சமையற்காரர் ஒருவரிடம் ஏழாண்டு தொழில் கற்றவர். அந்த 651 பேரின் விருந்து அடுப்பில் அவர் கையும் இருந்தது. கூலி இல்லை, மாதம் இரண்டு டாலர் அன்பளிப்பு, அதுவும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கணவர் ஜோசஃப் மாண்டிசெல்லோவில் கொல்லர். 1806-இல் மனைவியைப் பார்க்க அனுமதியின்றி வாஷிங்டனுக்கு ஓடியவரைப் பிடிக்க ஆளனுப்பியவர் ஜெஃபர்ஸன். மாளிகை முற்றத்திலிருந்து வெளியேறும்போது பிடித்துச் சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 1809-க்குப் பிறகு ஈடித் மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையற்காரர். ஜெஃபர்ஸனின் உயிலில் ஜோசஃபுக்கு விடுதலை எழுதப்பட்டிருந்தது, ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஏலத்தில் குடும்பம் பல கைகளுக்குச் சிதறியது. ஈடித்தையும் இரு கடைக்குட்டிகளையும் உறவினரான ஒரு சுதந்திர மனிதர் 505 டாலருக்கு எடுத்தார். 1837-இல் ஜோசஃப் அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். மகன் பீட்டருக்கு ஏலத்தன்று வயது பதினொன்று; 1850-இல்தான் விடுதலை கிடைத்தது. பிற்பாடு சின்சினாட்டியில் பெயர்பெற்ற விருந்துச் சமையல் ஒப்பந்தக்காரராகவும் பாப்டிஸ்ட் சபைப் போதகராகவும் வாழ்ந்தார். 1900-இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, மாண்டிசெல்லோவுக்கு ஒருமுறை போய்வந்தார்.